‘கொழந்தைய யாரு வெச்சுக்குவாங்க?’ என்று கேட்ட சாந்தாமணி அக்கா

செய்தி வந்தபோது என் எதிரே ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. திரையில் சாந்தாமணி அக்காவின் பெயர். வர நேரமாகும் என்று சொல்லக் கூப்பிடுகிறார் என நினைத்து எடுத்தேன். பேசியது அவருடைய தங்கை.

“அக்கா போயிருச்சுங்க. காலைல காப்பி வெச்சுட்டு உக்காந்துச்சு. எந்திரிக்கவே இல்லீங்க.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், “ஏனுங்க, நான் பொறவு வரட்டுங்களா?” என்றார். வேண்டாம், உட்காருங்கள் என்றேன். கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டு வந்த பெண்ணைப் பாதிப் பேச்சில் திருப்பி அனுப்புவதை அக்கா ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை. பேசி முடித்து, அவர் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அக்கா வழக்கமாக உட்காரும், பிளாஸ்டிக் வயர் பின்னிய பழைய நாற்காலி.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். திருப்பூரில் எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து வந்த களப்பணியாளர். மருத்துவமனையில் என் வேலை ஆலோசகர் வேலை. பரிசோதனை முடிவைச் சொல்வது, மாத்திரையைப் பற்றிச் சொல்வது, பிறக்கப் போகும் குழந்தைக்கு எந்தப் பால் என்று பேசுவது. நான் அறைக்குள் சொன்னதெல்லாம் அறைக்கு வெளியே என்ன ஆகிறது என்று போய்ப் பார்த்து வந்தவர் அக்கா. அவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. இதை நான் எழுதலாம், ஏனென்றால் அவரே மைக் பிடித்துச் சொன்ன விஷயம் அது.

அந்த மைக் சம்பவம் நடந்த இடம் ஒரு பனியன் கம்பெனி. மதியச் சாப்பாட்டு நேரம், தையல் மிஷின்களை நிறுத்தியிருந்தார்கள். விழிப்புணர்வுக் கூட்டம் என்று எங்களை அழைத்திருந்தார்கள். அறிமுகம் செய்தவர் அக்காவை ‘எய்ட்ஸ் நோயாளி’ என்று சொல்லிவிட்டார். அக்கா எழுந்து மைக்கை வாங்கினார். “எய்ட்ஸ் இல்லீங்க சார், எச்.ஐ.வி. திட்டறதுன்னாலும் பேரைச் சரியாச் சொல்லித் திட்டோணும்.” பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது, அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில். அதை உயரத் தூக்கிக் காட்டி, “பாத்தீங்களா, எனக்கு மட்டும் தனிக் கவனிப்பு. மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரையாட்ட இருக்குது” என்றார். பெண்கள் மறுபடி சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் முடிந்ததும் அக்கா அவரிடம் தனியாகப் போய், “டீ நல்லா இருந்துச்சு தம்பி” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு குழந்தை இருந்தது. அவருடைய ஒரே மகள். அவள் பிறந்தபோது, வசதி இருந்தால் பவுடர் பால், இல்லையென்றால் தாய்ப்பால் மட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். தாய்க்கு இன்று தரும் மருந்து அன்று இல்லை. “வசதின்னா என்னன்னு நான் கேக்கல அம்மிணி” என்று ஒருமுறை சொன்னார். “ஊட்டுல கேஸ் அடுப்பு இருந்துச்சு. அப்ப வசதி இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.” வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு, பொதுக் குழாய், டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர். “பைப்புல தண்ணி வர்ற நாளு வேற, கொழந்தைக்குப் பசிக்கிற நாளு வேற. டிரம் அடியில கெடந்த தண்ணியத்தான் காய்ச்சுனேன். காய்ச்சுனேனுங்கறது மட்டும் சத்தியம்.” குழந்தை ஒரு வயதைத் தொடவில்லை. வயிற்றுப்போக்கு. அவளுக்குக் கிருமி இருந்ததா என்று யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. “இருந்துச்சா இல்லையான்னே தெரியாமப் போயிட்டா. இல்லாமயே இருந்திருந்தா?”

பிறகு விதிகள் மாறின. தாய் கூட்டு மருந்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும், குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. முடியாதவர்களுக்கு முழுக்கப் பவுடர் பால். இரண்டையும் கலக்கவே கூடாது. இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி வகுப்பில் அக்கா கை தூக்கினார். “அப்ப அன்னைக்குச் சொன்னது தப்புங்களா?”

பயிற்சியாளர் நல்ல மனிதர். “தப்பில்லை அம்மா. அன்றைக்கு மருந்து இல்லை. இன்றைக்கு இருக்கிறது” என்றார். சரியான பதில்தான். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “மருந்து வர்ற வரைக்கும் அவ இருந்திருக்கலாம்” என்றார். நான் கேட்க வேண்டும் என்று சொன்னது இல்லை அது.

அவரைக் குறையில்லாதவர் என்று எழுதினால் அவரே என்னைத் திட்டுவார். பவுடர் பால் டின்னைக் கண்டால் அவருக்கு நிதானம் போய்விடும். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் மிகவும் நலிந்திருந்த ஒரு தாய்க்கு டாக்டரே பவுடர் பால்தான் சரி என்று சொல்லியிருந்தார். வார்டில் அவள் கட்டிலருகே டின்னைப் பார்த்ததும் அக்கா, “வேற வழியே இல்லையா உனக்கு?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் அழுதாள். அக்காவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், “உங்கள் குழந்தைக்கு நடந்தது அவள் குழந்தைக்கும் நடக்கும் என்று ஏன் நினைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பெண் வீடு திரும்பிய மறுநாள் தானே அங்கே போய், பாட்டில் வேண்டாம், டம்ளரும் ஸ்பூனும் போதும் என்று சொல்லி, தண்ணீர் கொதிக்கும் வரை அடுப்புப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. அவர் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான்.

நான் கர்ப்பிணிகளிடம் முதலில் கேட்டு வந்தது, ‘எந்தப் பால் கொடுப்பதாக இருக்கிறீர்கள்?’ என்பது. பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு வேறொன்று கேட்பார். “நீ வேலைக்குப் போயிட்டா கொழந்தைய யாரு வெச்சுக்குவாங்க கண்ணு?” ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேர வேலை, ஓடும் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் மற்றதைப் பேச முடியும் என்பார்.

தேவியிடமும் அதைத்தான் கேட்டார். தேவி அவள் உண்மைப் பெயர் இல்லை. மானாமதுரைப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்து, வேலம்பாளையத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டவள். கர்ப்பப் பரிசோதனையில்தான் கிருமி இருப்பது தெரிந்தது. கணவருக்கும் இருந்தது. இருவரும் மாத்திரை எடுத்தார்கள். மாமியாருக்குத் தெரியாது. அந்த அம்மாவை இங்கே ராமாத்தாள் என்று சொல்கிறேன்.

“அத்தைதான்க்கா பாத்துக்குவாக” என்றாள் தேவி. “ஆனா அவுகளுக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டுல வைக்க மாட்டாக. பால் குடுக்காம இருந்தா லைன் வீடு பூரா ஏன் ஏன்னு கேக்கும். நான் தாய்ப்பாலே குடுத்துர்றேன்.”

அவள் விருப்பம் அது. மாத்திரையால் அவள் உடம்பில் கிருமி மிகவும் குறைந்திருந்தது. டாக்டரும் சரி என்றார். எங்களுக்கு முன் இருந்த முதல் தடை சேனை. குழந்தை பிறந்ததும் வீட்டில் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ விரலில் தொட்டு வாயில் வைப்பது. வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதை வேண்டாம் என்று சொல்லப் போனால் காரணம் கேட்பார்கள். அக்கா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. பிரசவ வார்டில் ராமாத்தாள் சர்க்கரையைக் கரைக்க டம்ளரை எடுத்தபோது, “ஏனுங்க, எந்தக் கடைச் சர்க்கரையோ என்னமோ. பெத்தவ பாலையே தொட்டு நீங்க வையுங்க. இனிப்புக்கு இனிப்பு, உங்க குணத்துக்கு உங்க குணம்” என்றார். ராமாத்தாளுக்கு அது பிடித்துப்போனது. சீம்பாலை விரலில் தொட்டு வைத்தார். வெளியே வந்ததும் அக்கா என் கையைக் கிள்ளி, “எப்பிடி?” என்றார். பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தது அவர் முகம்.

மூன்றாவது மாதம் தேவி மறுபடி கம்பெனி வேனில் ஏறினாள். வீட்டில் வேறு வழியில்லை. விடிகாலையில் பாலைப் பிழிந்து மூடி போட்ட கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஒருநாள் பகலில் நாங்கள் சொல்லாமல் போய் நின்றோம். வாசலில் ராமாத்தாள் கிண்ணத்தோடு குனிந்து, முருங்கை மரத்தின் வேரில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பால் சொம்பும், குழந்தைக்குப் புகட்டும் பாலாடையும் இருந்தன.

“தாய்ப்பாலுங்களா அது?” என்று அக்கா கேட்டார்.

“ஆமாங்க. மிதிபடாத எடமாப் பாத்துத்தான் ஊத்தறேன்” என்றார் ராமாத்தாள், அதில்தான் குறை சொல்ல வந்தோம் என்று எண்ணி. “எடுத்து எந்நேரமாச்சு. போதாததுக்கு கம்பெனியில அயர்ன் பண்ற சூட்டுல நின்னுட்டு வர்றவ பாலு. கொழந்தைக்கு வவுறு கெட்டுப் போவாதுங்களா? அதுதான் நல்ல கறவைப் பாலா வாங்கி, தண்ணி கலந்து காய்ச்சி ஊத்தறேன். பாருங்க, எப்பிடிச் சிரிக்கறான்னு.”

குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தான். இரவில் தாய்ப்பால், பகலில் பசும்பால். எதைக் கலக்கக் கூடாது என்றோமோ அது நடந்துகொண்டிருந்தது. வேறு பால் போய் அந்தப் பிஞ்சுக் குடல் புண்பட்டால் கிருமிக்கு வழி கிடைத்துவிடும் என்ற பயம் எனக்கு. அந்த அம்மாவிடம் எதைச் சொல்லி நிறுத்துவது? கெடுதல் எதுவும் அவர் மனதில் இல்லை. இருந்தது பாசம்.

“அம்மிணி, நீ போயி முக்குக் கடையில ஒரு டீ குடிச்சுட்டு வா” என்றார் அக்கா.

டீக்கடையில் நின்றேன், குடிக்கவில்லை. திரும்பி வந்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ராமாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மொபெட்டில் வரும்போது கேட்டேன், என்ன சொன்னீர்கள் என்று.

“என்ற புள்ள கதையச் சொன்னேன். எனக்கு என்ன இருக்குதுன்னு சொன்னேன். தேவியப் பத்தி ஒரு எழுத்து சொல்லல.”

“அக்கா, அந்தம்மா ஊகிக்க மாட்டாங்களா? தேவியைக் கேக்காம இதை எப்படிச் சொல்லலாம்?”

வண்டியை ஓரமாக நிறுத்தினார். “என்ற கதை எனக்குச் சொந்தமான சொத்து அம்மிணி. அத யாருக்கு வேணா குடுப்பேன்.”

“அது தேவி வீட்டுக் கதவைத் திறக்குதே.”

அவர் மறுபடி வண்டியை எடுத்தார். அன்று மாலையே வேன் நிற்கும் இடத்துக்குப் போய், நடந்ததைத் தேவியிடம் சொன்னார். தேவி கத்தவில்லை. “எம் பொழப்பக் கெடுத்துட்டீகளேக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டாளாம். அடுத்த முறை மாத்திரை வாங்க வந்தபோது அக்கா பக்கம் திரும்பவே இல்லை. மாத்திரையை விட்டுவிடுவாளோ, வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று அக்கா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. பிறந்த வீட்டில்கூடச் சொல்ல முடியாத விஷயத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எங்கே போவாள்?

ஒன்றும் நடக்கவில்லை. பசும்பால் நின்றது. ராமாத்தாள் மகனிடம், “அவ பக்கத்துத் தெரு ஜாப் ஒர்க் கம்பெனிக்குப் போகட்டும், தூரமா வேண்டாம்” என்று சண்டை போட்டாராம். பெரிய கம்பெனிகளிடம் வேலை வாங்கித் தைத்துக்கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் தேவி சேர்ந்தாள். காலை டீ டைம், சாப்பாட்டு நேரம், சாயங்கால டீ டைம் என்று மணி அடிக்கும்போதெல்லாம் ராமாத்தாள் குழந்தையோடு கம்பெனி கேட்டில் நின்றார். வாட்ச்மேன் ஸ்டூலைத் தேவிக்குக் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். அக்கா போய் ஒளிந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார். “கெழவி கெட்டிக்காரி அம்மிணி.” தண்ணீர் கலந்த பாலில் போன அக்காவின் குழந்தை கதைதான் ராமாத்தாளைத் தொட்டிருக்கிறது, அதற்கு மேல் எதுவும் ஊகிக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் குழந்தைக்குக் கிருமி இல்லை என்று வந்தது. ஒரு வயது வரை தேவி பால் கொடுத்தாள். பால் கொடுத்த காலம் முழுவதற்கும் சேர்த்து உறுதியாகச் சொல்வது பதினெட்டாம் மாதப் பரிசோதனைதான். அதற்குத்தான் காத்திருந்தோம். அதற்குள் அக்கா போய்விட்டார்.

துக்க வீட்டில் பந்தலடியில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். மருத்துவமனைப் பெஞ்சில் தோள் உரச உட்காருகிறவர்கள், அங்கே ஒருவரை ஒருவர் அறியாதவர்களாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அழுகையைக்கூட அளந்துதான் அழ வேண்டியிருந்தது. நீ யார், உனக்கு எப்படிப் பழக்கம் என்று யாராவது கேட்டுவிடக் கூடாதே.

ராமாத்தாள் இடுப்பில் பேரனோடு வந்தார். அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்தக் கடைசிப் பரிசோதனை என்னைக்குங்க?”

நான் திடுக்கிட்டேன். “யார் சொன்னாங்க உங்களுக்கு?”

“ஆரும் சொல்லலீங்க. சாந்தாமணி அது கதையத்தான் சொல்லிச்சு. நடு நடுவுல, ‘இப்பெல்லாம் பதினெட்டாம் மாசம் ஒண்ணு பாத்தாத் தெரிஞ்சு போயிருங்க, எனக்குத்தான் குடுத்து வெக்கல’ன்னுச்சு. கேட்டுட்டு இருக்கறப்பவே மருமவ மாத்திரை சாப்படற நேரம் எனக்கு நெனப்புக்கு வந்துச்சு. மீதிய நானாத் தெரிஞ்சுக்கிட்டேன்.” பேரனின் சட்டையை இழுத்துவிட்டார். “மருமவ கொழந்தைக்கு ஊசி போடறதுக்குன்னுதான் சொல்லுவா. நானும் ஊசிக்குத்தான் வருவேனுங்க. நீங்க ஒண்ணும் சொல்லிப் போடாதீங்க.”

அந்த நிமிடம் அக்கா மேல் எனக்குக் கோபம் வந்தது. பதினெட்டாம் மாதம் என்ற அந்த வார்த்தையைத் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். பந்தலுக்குள் கிடந்தவரிடம் எப்படிக் கேட்பது? வேறொரு மாமியாராக இருந்திருந்தால்? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. நல்லபடியாக முடிந்தது என்பதால் அது சரியாகிவிடுமா? அடுத்த முறை, வேறொரு வீட்டில், நான் அதைச் செய்யமாட்டேன். ஆனால் அந்தக் குழந்தையின் பசும்பாலை நான் எப்படி நிறுத்தியிருப்பேன் என்று என்னையே கேட்டால், பதில் இல்லை.

மறுவாரம் தேவி மாத்திரை வாங்க வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அழுதாள். “அக்காகிட்ட நான் மூஞ்சி குடுத்துப் பேசி ரொம்ப நாளாச்சு” என்றாள். நான் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள்.

“அத்தைக்குத் தெரியும்க்கா. எனக்குத் தெரியும், அவுகளுக்குத் தெரியும்னு. மாத்திரை நேரத்துக்குத் தண்ணிச் செம்ப அவுகதான் எடுத்து எம் பக்கத்துல வைக்கிறாக. எதுக்குன்னு அவுகளும் சொல்ல மாட்டாக, நானும் கேக்க மாட்டேன்.”

அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன், உன் பெயர் இல்லாமல் உன் கதையை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “எழுதுங்கக்கா. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நானே படிச்சுக் காட்டுறேன்.”

ஆகவே இதை உங்கள் எல்லோருக்கும் எழுதினாலும், வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் ஒருத்தி வாசிக்க இன்னொருத்தி கேட்பாள் என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன். அக்கா திறந்தது தப்பான கதவா, சரியான கதவா என்பதை அவர்கள் இருவரும்தான் சொல்ல வேண்டும்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவற்றில் முதலாவது, அவருடைய கேள்வி. இப்போது நானும் கர்ப்பிணிகளிடம் குழந்தையை யார் வைத்துக்கொள்வார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். இன்னொன்றும் உண்டு. பரிசோதனை முடிவு வந்த உறையைப் பிரிப்பதற்கு முன் அவர் எழுந்து வந்து தாயிடமிருந்து குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிக்கொள்வார். முத்தம் கொடுப்பார், மூக்கைத் துடைத்துவிடுவார், பெயர் சொல்லிக் கொஞ்சுவார். பிறகுதான், “இப்பப் பிரி அம்மிணி” என்பார். ஏன் இந்தத் தாமதம் என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன். “காயிதம் வந்த பொறவு எல்லாரும் காயிதத்தத்தான் பாக்கறீங்க. அதுக்கு முன்னால ஒருத்தராச்சும் கொழந்தையப் பாக்கோணுமில்ல?” என்றார்.

அடுத்த மாதம் தேவி வருவாள், ஊசிக்கு என்று சொல்லிக்கொண்டு. ராமாத்தாளும் வருவார், ஊசிக்கு. என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. உறை என் மேசைமேல் இருக்கும். முதலில் நான் எழுந்து போய் அவனைத் தூக்கிக்கொள்வேன்.